கூலி வேற, கிருபை வேற

எங்க பக்கத்துச் சபைகளில் அதிகமாகப் புழங்குகிற சொல் எது என்று கேட்டால், 'கிருபை' என்றுதான் சொல்வேன். சுகமா இருக்கீங்களா என்று கேட்டால், "கர்த்தருடைய கிருபை." மகன் ஓ.எல். பாஸ் பண்ணினால் கிருபை. மண் சரிந்த ரோட்டில் பஸ் வழுக்காமல் வந்து சேர்ந்தால் கிருபை. சம்பளம் கூடினால் அதுவும் கிருபை. முதல் மூன்றையும் நானும் மனசாரச் சொல்வேன். நாலாவதில்தான் எனக்குத் தகராறு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கோயிலுக்குப் போகிறவர்களும் எதற்குமே போகாதவர்களும் இதை வாசிப்பீர்கள். யாரையும் மதம் மாற்றுகிற யோசனை எனக்கில்லை, பயப்படாமல் வாசிக்கலாம்.

நான் றொசல்ல பக்கம். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ரயில் ஸ்டேஷன். ஜன்னல் ஓரம் இருந்து போட்டோ எடுக்கிற வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் பெயரைக்கூட வாசிக்காமல் கடந்துபோகிற ஸ்டேஷன். பேராதனையில் கலைப்பீடம், இரண்டாம் வருஷம். அம்மா 26 வருஷமாகக் கொழுந்து எடுக்கிறாங்க. சபைக்குப் போகிற குடும்பம்தான், ஆனால் அம்மாயி இன்னும் மாரியம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் கட்டுகிறவர். வீட்டில் இதனால் சண்டை வந்ததில்லை. சண்டை வந்ததெல்லாம் கடைப்பற்றுக் கொப்பியால்தான்.

தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகணும். எங்க ஆட்கள் "இன்னைக்கு வேலைக்குப் போனியா" என்று கேட்பதோடு விடமாட்டார்கள். "பேர் விழுந்திச்சா" என்றும் கேட்பார்கள். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோலில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு முழுநாள் விழவேண்டுமானால், தோட்டம் சொல்லுகிற கிலோ வரவேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது 18 கிலோ என்று கேட்டிருக்கிறேன். இப்போது 20, சில இடங்களில் அதுக்கும் மேல. வராவிட்டால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றிருப்பீர்கள், அட்டை கடித்திருக்கும், தலைக்கயிறு நெற்றியில் பதிந்திருக்கும், ஆனால் கணக்கில் நீங்கள் பாதி ஆள். அரைநாள் என்றுகூடச் சொல்வதில்லை பாருங்கள், அரைப்பேர்.

நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே அதிகமாக மழை பெய்கிற இடங்களில் ஒன்று. அங்கே 'தண்ணிக்கு' என்று கழிக்கிறது எப்பவாவது நடக்கிற காரியமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மத்தேயு 20ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். இயேசு சொன்ன கதை. ஒரு வீட்டெஜமான் விடியற்காலையில் போய், நாளுக்கு ஒரு பணம் என்று பேசி, தன் திராட்சத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிவருகிறார். பிறகு ஒன்பது மணி போலவும், பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும் போய் இன்னும் ஆள் எடுக்கிறார். வேலை முடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது போனால், அப்போதும் கொஞ்சப் பேர் சும்மா நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், எங்களை ஒருத்தரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். சாயங்காலம் கூலி கொடுக்கிறபோது கடைசியாக வந்தவர்களுக்கும் ஒரு பணம், விடியற்காலை வந்தவர்களுக்கும் அதே ஒரு பணம். வெயிலில் கிடந்து உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

போன வருஷம் வாலிபர் கூட்டத்தில் இதை நாடகமாகப் போட்டோம். எங்க சின்னப் பிள்ளைகளுக்குத் திராட்சத்தோட்டம் என்றால் ஒன்றும் தெரியாது. தோட்டம் என்றால் தேயிலைதான். அதனால் எஜமானுக்குக் கால்சட்டையும் தொப்பியும் போட்டுத் துரை ஆக்கினோம். கூலி கொடுக்கிற காரியக்காரன் கணக்கப்பிள்ளை ஆனார். தராசுக்குப் பழைய சைக்கிள் ரிம் ஒன்று. கடைசியாக வந்தவனுக்குக் கணக்கப்பிள்ளை முழுப்பேர் போட்டபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா சத்தமாகச் சொன்னாங்க: "ஒரு மணித்தியாலத்துக்கு முழுப்பேரா? இவன் துரை இல்ல, லூசு!"

எல்லாரும் சிரித்தார்கள். இந்த உவமைக்கு நான் கேட்ட வியாக்கியானங்களில் அதுதான் சரியானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கிருபை நிஜமாகவே கிருபையாக இருந்தால், தராசைத் தெரிந்தவர்களுக்கு அது லூசுத்தனமாகத்தான் தெரியும். எங்க பெரியம்மாவுக்கு 30 வருஷமாகத் தராசைத் தெரியும்.

ஆனால் அந்தக் கதையில் ஒரு இடம் எனக்கு ரொம்ப நாள் தொண்டையில் முள்ளாக நின்றது. முணுமுணுத்தவர்களிடம் எஜமான், என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா என்கிற மாதிரி கேட்கிறார். லயத்தில் வளர்ந்த காதுக்கு இது எப்படிக் கேட்கும்? இது அசல் துரை பேச்சு. தோட்டம் என்னுடையது, லயம் என்னுடையது, வேலை தருவதும் தராததும் என் விருப்பம். இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு முணுமுணுக்காமல் போ என்று எங்களுக்கே பிரசங்கம் பண்ணலாம். பண்ணியும் இருக்கிறார்கள்.

பிறகு மறுபடி வாசித்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்த எஜமான் தன் இஷ்டத்தைக் கூட்டிக் கொடுப்பதற்கு மட்டும்தான் பாவிக்கிறார். விடியற்காலை வந்தவர்களுக்குப் பேசின ஒரு பணத்தில் ஒரு சதம் குறையவில்லை. சாக்குக்கு என்றும் தண்ணிக்கு என்றும் கழிக்கவில்லை. நாளைக்கு வா என்று இழுத்தடிக்கவில்லை, அன்றைக்குச் சாயங்காலமே கொடுத்தார். பேசின கூலி முழுசாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கே கிருபை ஆரம்பிக்கிறது. கூலியில் கை வைத்துக்கொண்டு கிருபை காட்டுகிற எஜமானைப் பற்றி இயேசு கதை சொல்லவில்லை.

இதையே பவுல் ரோமர் 4ஆம் அதிகாரத்தில் இன்னும் நேராகப் போட்டு உடைக்கிறார். வேலை செய்கிறவனுக்கு வருகிற கூலியை யாரும் கிருபை என்று எண்ணுவதில்லை, அது அவனுக்குக் கொடுபடவேண்டிய கடன் என்பது அந்த இடத்தின் கருத்து. பவுல் அங்கே சம்பளப் பிரச்சினை பேச வரவில்லை. மனிதன் கடவுளுக்கு முன்னால் எப்படி நீதிமான் ஆகிறான் என்று விளக்கிக்கொண்டு போகிறபோது, எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று போகிறபோக்கில் இந்த உதாரணத்தைச் சொல்கிறார். ரோமில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொல்லத் தேவைப்படாத விஷயம், எங்க மலையில் இன்னும் தலைகீழாகக் கிடக்கிறது. கூலியை இங்கே கிருபை மாதிரிக் கொடுக்கிறார்கள். கிருபையைக் கூலி மாதிரி விற்கிறார்கள்.

முதலில் கூலி. ஆயிரம் ரூபா கேட்டு எங்க ஆட்கள் எத்தனை வருஷம் ரோட்டில் நின்றார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 2021 மார்ச்சில் அது வந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. ஒவ்வொரு தடவையும் பட்டாசு, பதாகை, மாலை. வாங்கித் தந்தவருக்கு நன்றி, பெற்றுத் தந்தவருக்கு நன்றி. எங்க பக்கத்தில் ஒரு சபையில் ஸ்தோத்திர ஆராதனையே வைத்தார்கள்; அரசியல்காரர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடவுளுக்கு நன்றி சொல்வது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆராதனையில் கொழுந்து எடுத்தவர்களுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேணும். 20 கிலோ கொழுந்தென்றால் நாலு கிலோவுக்கும் மேலே தூள். ஒரு டீ பேக்கில் 2 கிராம். ஒரு முழுப்பேர் என்பது கிட்டத்தட்ட 2,200 டீ பேக். லண்டனில் 2,200 பேர் காலையில் கண் விழிக்கிறது என் அம்மாவின் ஒரு நாள். இதற்கு வருகிற காசு யாருடைய தயவும் இல்லை. பவுல் சொன்ன சொல்தான் சரி, கடன்.

படிப்பிலும் இதே கதைதான். கெம்பஸ் கிடைத்தபோது லயமே வந்து கிருபை கிருபை என்றது. சரி, இசட் ஸ்கோர் என்கிற மர்மத்துக்குக் கிருபை என்று பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் "அரசாங்கம் சும்மா படிப்பிக்குது, நன்றியோட இருங்க" என்று ஒருவர் புத்தி சொன்னபோது சிரிப்பு வந்தது. இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970களில். இடையில் ஒரு தலைமுறைக்கு வரவேண்டியது வரவேயில்லை. என் அம்மாயி அந்தத் தலைமுறை. அவங்க இன்றைக்கும் பெருவிரல் வைத்துத்தான் எதையும் வாங்குகிறாங்க.

இந்தக் குழப்பம் நேற்று வந்ததில்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் அங்கிலிக்கன் ஊழியம் 1854இல் தொடங்கியபோது அதன் பெயரே 'தமிழ் கூலி மிஷன்'. தேயிலை இன்னும் வராத கோப்பிக் காலம். சி.எம்.எஸ். மிஷனரிமார் நடத்தினார்கள், திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள், தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். பெயரில் 'கூலி' இருந்தது, ஆனால் கூலியைப் பற்றிப் பேச முடியுமா? உபதேசியாருக்குப் படி அளக்கிறவர் துரை. துரை கொடுக்கவேண்டிய கடனைப் பற்றி உபதேசியார் எந்த வாயால் பேசுவார்? அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மழையில் மலை மலையாக நடந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள். ஆனாலும் பேசாமல் விட்டது பேசாமல் விட்டதுதான்.

அதே காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால் அவருடைய கடன் எவ்வளவு என்று எழுதின துண்டுச்சீட்டு வேணும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். 1921இல்தான் சட்டப்படி அதை ஒழித்தார்கள். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை, உன் கடன் தீர்க்கப்பட்டது, நீ விலைகொடுத்து மீட்கப்பட்டாய் என்று கேட்ட எங்க கொள்ளுத்தாத்தாக்களுக்கு அது எப்படி விளங்கியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரைக்குக் கைமாறுவதாகவா? புரொட்டஸ்டன்ட் சபைகளில் நாங்கள் சொல்கிற கர்த்தருடைய ஜெபத்தில், மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற இடத்தில் பாவம் என்ற சொல் இல்லை, கடன் என்றுதான் இருக்கிறது. கத்தோலிக்க நண்பர்கள் பாவம் என்று சொல்கிறார்கள். கடைப்பற்றுக் கொப்பி இருக்கிற வீட்டில் 'கடன்' என்று சொல்லி ஜெபிப்பது வேறு மாதிரி இருக்கும். அந்தச் சொல்லை நான் மாற்றவே மாட்டேன்.

'அமேசிங் கிரேஸ்' பாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. அதை எழுதிய ஜோன் நியூட்டன் அடிமைகளை ஏற்றிய கப்பலின் கப்டன். 1748இல் புயலில் மாட்டிக் கடவுளைத் தேடத் தொடங்கியவர், அதற்குப் பிறகும் 1754 வரை அந்தத் தொழிலில்தான் இருந்தார். பாட்டு 1773 புதுவருஷத்துக்கு. அடிமை வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதியது 1788இல். கணக்குப் பார்த்தால் புயலிலிருந்து 40 வருஷம். கிருபை அவர் மனசுக்குள் வந்ததும் கப்பலின் அடித்தட்டுக்கு இறங்க 40 வருஷம் பிடித்திருக்கிறது. எங்க சபைகளில் எவ்வளவு பிடிக்கும் என்று யாராவது கணக்குப் போடலாம்.

அடுத்தது கிருபையைக் கூலியாக விற்கிற கதை. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஏனென்றால் இதைச் செய்கிறவர்களும் எங்க ஆட்கள்தான். எங்க லயத்தில் ஒரு அக்காவின் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்தார். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், 21 நாள் உபவாசம், அதோடு ஒரு விதைக் காணிக்கை என்று சொன்னார். அக்கா தோட்டை அடகு வைத்தாங்க. உபவாசத்தோடேயே வேலைக்கும் போனாங்க, போகாவிட்டால் பேர் இல்லையே. 21 நாள் முடிந்தது. அண்ணனுக்குக் கை அசையவில்லை. பிரசங்கியாரிடம் கேட்டபோது வந்த பதில், "உங்க விசுவாசம் பத்தல."

அந்தக் கணம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மலையில் 18 கிலோவில் நின்று அரைப்பேர் வாங்குகிற அக்காவுக்கு, சபையிலும் ஒரு தராசு. விசுவாசத்திலும் அரைப்பேர். உபவாசத்துக்கு இத்தனை நாள், காணிக்கைக்கு இத்தனை ரூபா, அதற்கு இவ்வளவு ஆசீர்வாதம் என்றால் அதற்குக் கொந்தரப்பு என்று பெயர். மார்ட்டின் லூதர் 1517இல் சண்டைக்குப் போனது ஏறக்குறைய இதற்காகத்தான்: பாவமன்னிப்புச் சீட்டைக் காசுக்கு விற்றதற்காக. சீர்திருத்த ஞாயிறு கொண்டாடுகிற சபைகளே இந்தச் சீட்டை வேற பெயரில் அச்சடிக்கிறது பெரிய வேடிக்கை.

என் ரூம்மேட் ஒரு தோழர். இதெல்லாம் சொன்னால் மார்க்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவான்: "மதம் அபினி மச்சான், உங்க ஆட்களைத் தூங்க வெச்சிருக்கு." நான் பாதி ஒத்துக்கொள்வேன். மீதிப் பாதிக்கு நான் சொல்கிற பெயர் போல் கஸ்பர்ஸ். இயேசு சபைக் குரு. 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, 2017இல் இறக்கும்வரை தோட்ட மக்களின் சம்பளத்தையும் குடியுரிமையையும் விடாமல் பேசினவர். 1958இல் தொடங்கிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை மே தினத்தில் தொழிலாளர் பூசை வைத்தது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, எங்க முன்னோர் நடந்த வழியில், 200 வருஷத்தை நினைத்து நடந்தார்களே, அதை முன்னெடுத்தவர்களில் தேசிய கிறிஸ்தவ மன்றமும் ஒன்று. தூங்க வைக்கிற மதம்தான் 16 நாள் நடக்க வைத்ததும். ரூம்மேட் இதற்குப் பதில் சொல்லாமல் தேத்தண்ணி போடப் போய்விடுவான்.

சபைப் பக்கத்திலிருந்து வருகிற மறுப்பு வேற: "தம்பி, சபையில் அரசியல் பேசாதே, இருப்பதில் திருப்தியாக இரு." இருப்பது என்றால் எது? கழித்த பிறகு இருப்பதா, கழிக்கும் முன்னால் இருந்ததா? யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களின் சத்தம் கடவுளின் காதுக்குப் போகிறது என்று வருகிறது. எங்க பக்கத்தில் அந்த அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுத்து நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதே அதிகாரத்தின் கடைசியில் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது வருகிறது. அதை மட்டும் நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

இவ்வளவும் பேசிவிட்டு, அப்போ கிருபை எங்கேதான் இருக்கு என்று கேட்டால், எனக்குத் தெரிந்த இடம் தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொழுந்து குறைந்தவர்களுக்கு மற்றவர்கள் போட்டுக்கொடுப்பார்கள். மாசமாக இருக்கிற பிள்ளை, காய்ச்சலோடு வந்தவள், வயசான பெரியம்மா, இவர்களுக்கு 18 கிலோதான் வந்திருக்கும். பக்கத்து நிரையில் கை வேகமான ஒருத்தி தன் கூடையிலிருந்து ரெண்டு கிலோவை அள்ளிப் போடுவாள். கூடுதல் கிலோவுக்குத் தனியாகக் காசு உண்டு. அவள் அதை விட்டுக்கொடுக்கிறாள். கணக்கில் பெரியம்மாவுக்கு முழுப்பேர் விழும். இன்னொருத்தி பறித்தது பெரியம்மாவின் பேரில் எழுதப்படுகிறது.

ரோமர் 4இல் பவுல் திரும்பத் திரும்பச் சொல்கிற 'எண்ணப்படுதல்' என்ற வார்த்தை இதுதான். கணக்குக் கொப்பி வார்த்தை. சம்பாதிக்காத நீதி உன் பேரில் வரவு வைக்கப்படுகிறது என்கிறார். இறையியல் புத்தகங்கள் இதைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன; எனக்கு விளங்கியது கொழுந்து மடுவத்தில்.

அம்மாவிடம் இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிப் போய்ச் சொன்னேன். நீங்க அந்தப் பெரியம்மாவுக்குப் போட்ட ரெண்டு கிலோதாம்மா கிருபை என்றேன். அம்மா ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே, "அது நீ வயித்துல இருக்கறப்ப அவ எனக்குப் போட்டது" என்றாங்க. அப்படியென்றால் அது கிருபையா, கடனா? எனக்கு இன்னும் பதில் இல்லை. அம்மாவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

ஆனால் இதை ரொம்ப அழகாக்கவும் எனக்குப் பயம். அந்த ரெண்டு கிலோவால் முழுப்பேர் விழுந்தது சரி. 20 கிலோ என்ற கணக்கு நியாயமானது என்று காட்டுவதற்கும் அதே ரெண்டு கிலோ உதவுகிறது. பார், எல்லாரும் 20 எடுக்கிறார்கள்தானே என்று மேலே எழுதிப் போடுவார்கள். எங்க பெண்களின் அன்பைக் கம்பெனி தன் வரவில் வைத்துக்கொள்கிறது. ஆகவே பெரியம்மாவுக்குக் கொழுந்து போட்டுக்கொடுக்கிற சபை, அந்த 20ஐப் பற்றியும் கேட்கவேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விடுகிற சபைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்க சபையில் ஒவ்வொரு வருஷமும் அறுப்பின் பண்டிகை வரும். மேசை நிறைய பூசணி, லீக்ஸ், கரட், முட்டை, ஒரு சேவல்கூட வரும். பிறகு ஏலம் போடுவார்கள், சேவலுக்குத்தான் போட்டி. நாங்கள் வருஷம் முழுக்க அறுக்கிற பயிர் மட்டும் அந்த மேசைக்கு வந்ததே கிடையாது. ஏனென்றால் கொழுந்து எங்களுடையது இல்லை; ஒரு பிடி எடுத்து மடியில் கட்டினால் களவு. காணிக்கையாகக் கொண்டுவர எங்களிடம் இருப்பதெல்லாம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் விளைந்தது.

இந்த வருஷம் வாலிபர் கூட்டத்திலிருந்து நாங்கள் ஒன்று கேட்டிருக்கிறோம். பூசணிக்குப் பக்கத்தில் ஒரு சம்பளச் சீட்டை வைக்கவேண்டும். எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், எவ்வளவு கழிவு என்று எல்லாம் தெரிகிற மாதிரி. யாருடையது என்று பெயரை மட்டும் மறைத்துவிடலாம். ரெண்டு மூப்பர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் பேசாமல் இருந்தார். நாடகத்தில் கத்தின பெரியம்மா தன் சீட்டைத் தரத் தயார், பெயரையும் மறைக்கத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறாங்க. மூப்பர் கூட்டம் அடுத்த மாசம்.